பேச்சுக்குப் பூக்கும் சுவர்

"தாள்ல ஒரு குறையும் இல்ல டீச்சர். ஆனா அந்த அருளப்பன் கிழிச்சுப் போடுங்கிறார்" என்றார் திருமேனி.

முப்பது வருஷம் மில்லில் இன்ஜினியராக இருந்தவர். ஓய்வு பெற்றபின், தம்மைவிட வயதில் இளையவரான அபிராமவல்லியிடம் சுவர்த்தாள் வடிவமைப்புக் கற்க வந்திருந்தார்.

"எப்படிச் செஞ்சீங்க?"

"கொடி மாதிரி. அறையில பேச்சு நீள நீளப் பூ விரியும். அமைதியாயிட்டா இலை மட்டும். சுத்தியிருக்கிறதுக்கு ஏத்தபடி சுவர் மாறணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவர் என்ன சொன்னார்?"

"குத்திக்காட்டுதாம். சம்சாரத்தைப் பறிகொடுத்துட்டுத் தனியா இருக்காரேன்னு மெனக்கெட்டுச் செஞ்சேன் டீச்சர்."

அபிராமவல்லி கைப்பையை எடுத்தார். "வாங்க, பார்த்துட்டு வந்துடலாம்."

அருளப்பனின் கூடத்தில் தரையிலிருந்து உத்தரம் வரை வெறும் இலை.

"பாருங்க மேடம், காலையிலேருந்து இப்படித்தான் நிக்குது" என்றார் அருளப்பன். "இந்த வீட்டுல பேச்சுத்துணைக்கு ஆள் இல்லேன்னு எனக்குத் தெரியாதா? சுவரும் சொல்லணுமா?"

அவர் பேசியதில் ஒரு மொட்டு தலைகாட்டியது. அவர் நிறுத்தியதும் அதுவும் மறைந்தது.

திருமேனிக்குச் சுருக்கென்றது. இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

"மாத்திக் கொடுத்துடறேன் சார். யாரும் பேசாட்டியும் பூக்கிற மாதிரி..."

அபிராமவல்லி கையமர்த்தினார். நாற்காலியை இழுத்து அருளப்பனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டம்மா பேரு என்னங்க?"



"எஸ்தர்."

"கோபம் வருமா அவங்களுக்கு?"

"வராமலா!" அருளப்பன் நிமிர்ந்தார். "ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டா. எல்லாம் பாத்திரத்துக்கிட்டதான். 'கேட்டியா குண்டானே, துரை சந்தைக்குப் போய் முத்தல் வெண்டைக்காயா பொறுக்கிட்டு வந்திருக்கார்'னு ஆரம்பிப்பா..."

சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

சுவரில் ஒரு பூ விரிந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. கொடி நெடுகச் செம்மை ஏறியது.

திருமேனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆசிரியையின் காதருகே குனிந்தார்.

"டீச்சர், சுவரைப் பாருங்க! பூக்குது!"

அபிராமவல்லி திரும்பவில்லை.

"அவர் பேசிட்டிருக்கார் சார். நீங்க எங்க பார்த்துட்டிருக்கீங்க?"