ஐந்தாம் பக்கத்தில் கிடந்த கோரைப்பாய்

இந்தக் கதையில் அரசரும் உண்டு, இணையமும் உண்டு. இரண்டும் எப்படி ஒரே காலத்தில் என்று விசாரிப்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம். நமக்கு வேலை இருக்கிறது.

நாணற்குடி நாட்டுக்குக் கோரைப்பாய்தான் சோறு போட்டது. "நல்ல கோரைப்பாய் எங்கே கிடைக்கும்?" என்று எந்த ஊரிலிருந்து யார் தேடினாலும், தேடுபொறி நாணற்குடி அரண்மனையின் இணையதளத்தைத்தான் முதலில் காட்டும். அப்படி இருந்த தளம் ஆஸ்தானப் புலவர் வாகீசராயர் கைக்குப் போனது. சனியும் கூடவே போனது.

புலவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். 'மன்னரும் பாயும்'. 'பாயும் மன்னரும்'. 'மன்னர் பாயில் அமர்ந்த அழகு'. 'மன்னர் பாயிலிருந்து எழுந்த அழகு'. எதைத் திறந்தாலும் ஒரே சங்கதி. பாய் எங்கே கிடைக்கும், எவ்வளவு நீளம் என்று ஒன்றிலும் இல்லை. தேடுபொறிக்கே அலுத்துவிட்டது. நாணற்குடியைத் தூக்கி ஐந்தாம் பக்கத்தில் போட்டது. அவ்வளவு தூரம் எவன் போவான்? முதலிடத்தில் பக்கத்து வெண்மணல் நாடு ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. அவர்கள் பாய் ஒரு மழைக்காலம் தாங்காது. இருந்தும் விற்றது. நாணற்குடித் தறிகள் சும்மா கிடந்தன. பாவம், நெய்கிறவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

அரசர் கோப்பெருங்கண்டர் சேந்தனை அழைத்தார். சேந்தன் சபையில் விகடம் பேசுகிறவன். வேலையும் தெரிந்தவன் என்பது அவனுக்கு வாய்த்த கூடுதல் தொல்லை. அவன் புலவரின் பக்கங்களை ஒன்று விடாமல் நீக்கினான். பாயைப் பற்றிய உருப்படியான பக்கங்கள் மட்டும் மிஞ்சின.

ஆனால் தளம் மேலே வரவில்லை.

"பார்த்தீர்களா அரசே!" என்று புலவர் குதித்தார். "தங்கள் புகழை அழித்தான். பலன்? பூஜ்யம்!"

"என்ன சேந்தா இது?"

"அரசே, தேடுபொறி நம் அரண்மனைச் சேவகன் இல்லை, கைதட்டினால் ஓடி வர. மெதுவாகத்தான் திரும்பிப் பார்க்கும். அதோடு, மிச்சமுள்ள பக்கங்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் புலவர் தங்கள் மெய்க்கீர்த்தியை ஏற்றி வைத்திருக்கிறார்."

நாணற்குடி வழக்கம் அது. எந்த அறிவிப்பாக இருந்தாலும் முதலில் மெய்க்கீர்த்தி. அரசரின் பட்டங்கள், வென்ற போர்கள், வெல்லப்போகிற போர்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் விஷயம்.

"பாய் தேடி வருகிறவன் போர்க்களத்தில் மாட்டிக்கொள்கிறான் அரசே. பாதியில் தப்பித்து வெண்மணலுக்குப் போய்விடுகிறான்."

அரசர் முகம் சிவந்தது. "மெய்க்கீர்த்தியில் ஓர் எழுத்துகூடக் குறையக் கூடாது. பௌர்ணமிக்குள் முதலிடம் வர வேண்டும். வராவிட்டால் உன்னை நாடு கடத்துவேன்!"

புலவர் சிரித்தார். சேந்தனுக்கு உள்ளுக்குள் பயம்தான். வீட்டில் மனைவி சிவக்கொழுந்து அழுதாள். அவனோ நேரே அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனான். அங்கிருந்து புலவர் வீட்டுக்குப் போனான்.

"ராயரே, நாளை விருந்து. வெண்மணல் தூதர் வருகிறார். நம் வழக்கத்தின் மேன்மையை அவர் பார்க்க வேண்டாமா? அரசருக்குத் தண்ணீர் கொடுக்கும் பெருமை உங்களுக்குத்தான். ஆனால் மெய்க்கீர்த்தி சொல்லாமல் கொடுத்துவிடாதீர்கள்!"

"எனக்கா சொல்லித் தருகிறீர்?" என்றார் புலவர், மீசையை நீவிக்கொண்டு.

மறுநாள் பந்தியில் அரசர் கத்தரிக்காய்ப் பொரியலை அள்ளி வாயில் போட்டார். உள்ளே இருந்தது ஊசிமிளகாய். கண்ணில் நீர் தாரைதாரையாகக் கொட்டியது.

"தண்ணீர்!"

புலவர் செம்போடு முன்னால் வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"திருமகள் மார்பில் திகழ, மண்மகள் தோளில் மகிழ..."

"ஐயோ, தண்ணீர்யா!"

"...எண்திசை மன்னர் இறைஞ்சிட, எதிர்த்தவர் காட்டில் ஒளிந்திட..."

"ஓய்! செம்பைக் கொடும்!"

"இன்னும் போரே ஆரம்பிக்கவில்லை அரசே," என்றார் புலவர் பணிவாக. "...முந்நீர்ப் பரப்பை முழுதும் வென்று..."

பக்கத்து இலையில் இருந்த வெண்மணல் தூதர் பார்த்தார். தன் ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத் தம்ளரோடு நகர்த்தி வைத்தார். அரசர் பறித்துக் குடித்தார். கலங்கல் தண்ணீர்தான். ஆனாலும் கடைசிச் சொட்டு வரை விடவில்லை.

மூச்சு வந்ததும் அரசர் புலவரைப் பார்த்துக் கர்ஜித்தார். "என் வீட்டில், என் கிணற்றுத் தண்ணீர் இருக்க, வெண்மணல்காரன் கையால் குடிக்க வைத்துவிட்டாயே, முட்டாள்!"

சேந்தன் கைகட்டி எழுந்தான். "அரசே, நம் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். பாயும் நல்ல பாய்தான். ஆனால் கேட்டவுடன் கொடுத்தவர் அவர். தாங்கள் முதலிடத்தை யாருக்குக் கொடுத்தீர்களோ, தேடுபொறியும் அவருக்கே கொடுத்திருக்கிறது."

அரசர் சேந்தனைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், அதற்குள் புரிந்துவிட்டது. வாய் எரிய எரியச் சிரித்தார்.

"எல்லாப் பக்கத்திலிருந்தும் அதை எடுத்துத் தொலை!"

எடுத்தான். தளம் உடனே ஏறவில்லை. ஐந்தாம் பக்கத்திலிருந்து நான்காம் பக்கத்துக்கு வந்தது. புலவர் நிலாவைப் பார்த்து நாள் எண்ணினார். அப்புறம் அது இரண்டாம் பக்கத்துக்கு வந்தது. பௌர்ணமியன்று காலை, வெண்மணலைக் கீழே தள்ளி நாணற்குடி உச்சியில் நின்றது. தறிச்சத்தம் அரண்மனை வரை கேட்டது.

அரசருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சபை நடுவே எழுந்து நின்றார்.

"சேந்தா! இந்த நாட்டில் யாருக்கும் கிடைக்காத பரிசு உனக்கு. இன்றுமுதல் உனக்கும் ஒரு மெய்க்கீர்த்தி! வாகீசராயரே எழுதுவார். நீ வாயைத் திறக்கும் முன்பெல்லாம் அவரே அதை முழுதாகப் பாடுவார்!"

சேந்தன் நெடுஞ்சாண்கிடையாக அரசர் காலில் விழுந்தான்.

"அரசே, அந்த நாடுகடத்தல் இன்னும் காலியாக இருக்கிறதா?"