பூங்காவனத்தைக் கூப்பிட்டது யார்

தெய்வநாயகம் முன்சீப் கோர்ட்டில் டவாலி. சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவது அவருடைய வேலை. ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மடத்துக்கு வந்து, மடத்துத் துறவியான அடிகள் எதிரில் உட்கார்ந்தார். அடிகள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"சாமி, நீதித்துறைன்னா என்ன?"

"அகராதி பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நீதிபதிகள், நீதிமன்றங்கள் அடங்கிய அமைப்புன்னு போட்டிருக்கு. டவாலியைப் போடலை."

"நல்ல அகராதி. உங்களை விடுதலை பண்ணிடுச்சே."

தெய்வநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"கல்யாண வீட்டுல என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார் அடிகள்.

"நீதித்துறையிலன்னு."

"சரி. இப்ப என்ன வந்துச்சு?"

தெய்வநாயகம் மெல்லச் சொன்னார். பூங்காவனம் என்று ஒரு விதவை. வீட்டு வழக்கு. மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். அன்றைக்கு மணி ஒன்றரை, நல்ல பசி. இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, "வரலைங்கய்யா" என்று உள்ளே சொல்லிவிட்டார். மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை என்று குறிப்பில் ஏறியது. வீடு எதிராளிக்கு என்று தீர்ப்பானது. அந்த அம்மாள் ஜெராக்ஸ் கடையிலிருந்து ஓடி வந்தபோது அடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. இப்போது தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனு போட்டிருக்கிறாள். நாளைக்கு நீதிபதி இவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கப் போகிறார்.

"தீர்ப்பு சொன்னது நீதிபதி. எழுதினது குமாஸ்தா. நான் வெளியில நிக்கிறவன். நீதித்துறைங்கிற அந்தச் சொல்லுக்குள்ள நான் இருக்கேனா, இல்லையா? யோசிக்க யோசிக்கக் குழம்புது சாமி. இருக்கேன்னா வேலை போகும். இல்லைன்னா அவ வீடு போகும்."

அடிகள் வாசலைக் காட்டினார்.

"எழுந்து வாசலுக்குப் போங்க. அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்க."

தெய்வநாயகம் தயங்கித் தயங்கிப் போனார். தொண்டையைச் செருமினார்.

"பூங்காவனம்... பூங்காவனம்..."

முப்பத்தொரு வருஷக் குரல். முற்றத்தில் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அரிவாள்மணையை விட்டு எழுந்து நின்றார்கள். சமையற்காரர் கரண்டியும் கையுமாக ஓடி வந்து, "யாருங்க, அதிகாரி வந்திருக்காரா?" என்றார். ஒன்றுமில்லை என்று அடிகள் கையைக் காட்டினார்.

தெய்வநாயகம் திரும்பி வந்து உட்கார்ந்தார். குழப்பம் தீரவில்லை.

"அந்த அம்மா காதுல இது விழுந்திருந்தா, ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட என்ன சொல்லிட்டு ஓடி வந்திருப்பாங்க?" என்று கேட்டார் அடிகள்.

கோர்ட்டு வாசலில் தெய்வநாயகம் தினமும் கேட்கிற பேச்சுதான்.

"கோர்ட்டு கூப்பிடுதுன்னு சொல்லியிருப்பாங்க, சாமி."

"எத்தனை தடவை கூப்பிட்டுச்சு, கோர்ட்டு?"