மூன்று தலைவர்களும் ஒரு வட்டாரமும்

ஓணான்குட்டை, கல்லாங்காடு, பூசாரிப்புதூர் என்று சந்தைச் சாலையில் வரிசையாக மூன்று ஊர்கள். அசட்டுத்தனத்தில் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காத ஊர்கள். எந்தச் சரக்கு வந்தாலும் அடுத்த ஊர் எல்லையில் ஒரு கூடை சுங்கமாகப் போய்விடும். அதை ஒழிக்க மூன்று ஊர்த் தலைவர்களும் டவுன் வக்கீலைப் பிடித்து, கூட்டு வணிக வட்டாரம் ஒன்றுக்கு ஒப்பந்தம் எழுதச் சொன்னார்கள்.

“வட்டாரம்னா எதுங்க? அதைத் தெளிவா எழுதணும்” என்றார் வக்கீல்.

“எங்க மூணு ஊரு நிலமும்னு எழுதுங்க” என்றார் ஓணான்குட்டைச் செங்கோடன்.

“நிலமா கையெழுத்துப் போடுது? நாமதானே போடறோம்” என்றார் கல்லாங்காட்டு நல்லப்பன்.

பூசாரிப்புதூர் ராக்கியண்ணன் நெடுநேரம் யோசித்தார். “அப்போ, நாம மூணு பேரும் எங்க ஒண்ணா இருக்கமோ, அதுதான் வட்டாரம்.”

வக்கீல் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் ஓணான்குட்டைச் சீரங்காயி வண்டி நிறையத் தக்காளியோடு சந்தைக்குப் புறப்பட்டாள். நன்றாகப் பழுத்த தக்காளி, இன்றைக்கு விற்காவிட்டால் குப்பைக்குத்தான் போகும். கல்லாங்காட்டு எல்லையில் கேட்டுக்கார மாரப்பன் கையை நீட்டி மறித்தான்.

“இனிமே சுங்கம் இல்லையாமே!” என்றாள்.

“வட்டாரத்துக்குள்ள இல்லீங்க. தலைவருங்க மூணு பேரும் இங்க இருக்காங்களா? இல்லையே! அப்போ இது வெறும் ரோடு.”

நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. வண்டியை அங்கேயே விட்டு ஓடிப்போய் மூவரையும் அழைத்து வந்தாள். வண்டியில் இடமில்லை. ஆளுக்கொரு கூடையின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். மாரப்பன் கும்பிட்டு, ரோட்டின் குறுக்கே கிடந்த மூங்கிலைத் தூக்கினான்.

“கொஞ்சம் இருங்க, ஒதுங்கிட்டு வந்தர்றேன்” என்று ராக்கியண்ணன் இறங்கிப் புதருக்குள் போனார். மூங்கில் படக்கென்று இறங்கியது.

“வட்டாரம் கலைஞ்சு போச்சுங்க” என்று மாரப்பன் ஒரு கூடையை இறக்கினான்.

“நான் இங்கிருந்தே கொரல் குடுக்கறேனப்பா! சேத்துக்க முடியாதா?” என்றது புதர்.

“கொரலைப் பத்தி எழுதலீங்க.”

ராக்கியண்ணன் திரும்பி வந்ததும் வட்டாரமும் வந்தது. போன கூடைதான் வரவில்லை. மறுபடி யாரும் ஒதுங்கப் போய்விடக் கூடாதென்று, அதன்பிறகு வழியில் தலைவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடச் சீரங்காயி தரவில்லை. குண்டும் குழியுமான சாலையில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. மூவரும் கூடைகளைவிட்டு அசையவில்லை. பூசாரிப்புதூர் கேட்டில் ஒரு கூடைகூடப் போகவில்லை. வண்டிக்குப் பின்னால் சாலை நெடுகச் சிவப்பாகச் சொட்டிக்கொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

“தக்காளி எங்கம்மா?” என்றார் சந்தை மண்டிக்காரர்.

தலைவர்கள் எழுந்தார்கள். மூன்று வேட்டிகளும் சிவந்திருந்தன. கூடைகளில் தோலும் விதையும்தான் மிச்சம். சீரங்காயி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“அழுவாத அம்மிணி. ரெண்டாவது கேட்டுல ஏதாச்சும் போச்சா?” என்றார் நல்லப்பன்.

“போகலீங்க.”

“அப்புறம் என்ன? ஒப்பந்தம் ஜெயிச்சிருச்சு!”

யோசித்துப் பார்த்தாள். அதுவும் சரிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்படின்னா நாளைக்கும் வந்துருங்க. கொல்லிமலைப் பலாப்பழம் ஏத்தறேன்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்கியண்ணன் ஈர வேட்டியைப் பிழிந்தபடி, ரொம்ப நிம்மதியாகச் சொன்னார்:

“பலாதான் சரி. எத்தனை நேரம் உக்காந்தாலும் நசுங்காது.”