கணப்புக்கு வைத்த ஓடைக்கல்

மலைமேல் மடத்தில் தவமணி அம்மாவுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் சடையப்பன். அம்மாவைவிட எட்டு வயது மூத்தவர். அவர் வாய்க்கு வாய் "அம்மா" என்பார். அம்மா அவரை "அண்ணே" என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

ஒரு நாள் காலை, கஞ்சி குடித்த கையோடு சடையப்பன் கேட்டே விட்டார்.

"அம்மா, பன்னிரண்டு வருஷம் உங்க பக்கத்துலயே இருந்துட்டேன். கீழே ஊருக்குப் போய் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?"

அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

"குளிர் ஏறிப்போச்சு அண்ணே. கொல்லையில ஒரு கணப்புக் குழி வெட்டுங்க. சாயங்காலம் சனங்க சுத்தி உட்கார்ந்து குளிர் காயட்டும். அது எப்படி அமையுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

இது பரீட்சை என்று சடையப்பனுக்குப் புரிந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார்.

வைக்கோல் போரிலிருந்து இருபது தப்படி தள்ளி இடம் பார்த்தார். மேலே கிளை எதுவும் இல்லையே என்று அண்ணாந்து பார்த்தார். சருகையெல்லாம் கூட்டி அள்ளினார். முழங்கால் ஆழம் வெட்டி அடியில் மணல் போட்டார். இரண்டு குடம் தண்ணீரும் ஒரு கூடை மண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம்!

இனி சுற்றி அடுக்கக் கல் வேண்டும். மேட்டில் கிடந்த கல்லெல்லாம் கோணல்மாணல். அதனால் ஓடைக்கு இறங்கினார். தண்ணீருக்குள் முட்டை முட்டையாய், வழவழவென்று கிடந்த கற்களைப் பொறுக்கிச் சுமந்தார். எட்டு நடை. இடுப்பு விட்டுப்போயிற்று.

சாயங்காலம் முதல் ஆளாகப் பக்கத்துக் குடிசைச் செம்பாயி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு.

"என்ன சாமி, குழிக்கு இத்தனை சிங்காரம்! பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

பிள்ளையைக் கல்லை ஒட்டி இறக்கி விட்டாள். பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். சடையப்பன் தீப்பெட்டியை எடுத்தார்.

அம்மா வந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க எடுத்தது அண்ணே?"

"ஓடையிலம்மா. எத்தனை தலைமுறையா தண்ணியிலயே கிடந்ததோ! எங்கயாவது ஒரு முனை குத்துதா பாருங்க."

அம்மா குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

"செம்பாயி, எல்லாரையும் மடத்துச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டு வா. அண்ணே, பத்த வச்சிட்டு நீங்களும் ஓடி வந்திருங்க."

"எதுக்கும்மா?"

"வாங்க, சொல்றேன்."

தீ நன்றாகப் பிடித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுங்கினார்கள்.

"சாமி கணப்பு போட்டது நமக்கா, சுவத்துக்கா?" என்றாள் செம்பாயி.

யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் 'டப்' என்றது. சுவரில் என்னவோ வந்து மோதியது. இன்னொரு 'டப்'. அப்புறம் ஒன்று.

தீ அடங்கி, கல் ஆறும்வரை அம்மா யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. பிறகு போய்ப் பார்த்தார்கள். பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல்சில்லு கிடந்தது. விளிம்பு அரிவாள் மாதிரி இருந்தது.

செம்பாயி பிள்ளையை வாங்கி இறுக்கிக்கொண்டாள்.

சடையப்பன் அந்தச் சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்தனை காலம் தண்ணியில கிடந்த கல்லாச்சேம்மா..."

"அதனாலதான் அண்ணே. உள்ள ஊறின தண்ணி மேலே தெரியாது. சூடு பட்டா அது கல்லைப் பிளந்துக்கிட்டு வெளியே வர வழி தேடும்."

மறுநாள் சடையப்பன் மேட்டில் வெயிலில் காய்ந்து கிடந்த கல்லைக் கொண்டுவந்து அடுக்கினார். கோணல்மாணலாகத்தான் இருந்தது. சனங்கள் சுற்றி உட்கார்ந்து, சோளம் சுட்டுத் தின்று, கதை பேசிவிட்டுப் போனார்கள். ஒரு கல்லும் அசையவில்லை.

தணலில் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டு, சடையப்பன் தலை நிமிராமல் கேட்டார்.

"அப்போ நான் போகக்கூடாதாம்மா?"

"யார் சொன்னா? நாளைக்கே போங்க."

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"போய் முதல்ல எதைச் சொல்லிக் கொடுக்கட்டும்?"

"ஒண்ணும் வேணாம் அண்ணே. நீங்களும் கொஞ்ச காலம் வெயில்ல கிடங்க."