சீனிராஜ் வீட்டுப் பெட்டிக்குச் சாமி வந்த கதை

பொய் சொல்றதுக்கு ஞாபகசக்தி வேணும்பாங்க. புளுகுறதுக்கு அதெல்லாம் வேண்டாம், தொண்டை ஈரமா இருந்தாப் போதும். அருப்புக்கோட்டை சீனிராஜுக்குத் தொண்டை எந்நேரமும் ஈரம்தான். ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். ஒரு சேலையை விரிச்சா அதுக்கு ஒரு கதை சொல்லுவார். சேலை பிடிக்காத பொம்பளைங்ககூட மிச்சக் கதையைக் கேக்க மறுநாள் வருவாங்க.

அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் அன்னைக்கு சாத்தூர் பஸ்ஸுல வச்சு, "அங்க வந்து வாயைத் திறக்கக் கூடாது"ன்னு சத்தியம் வாங்கிட்டா அவர் பொண்டாட்டி தங்கமாரி.

விஷயம் இதுதான். தங்கமாரியோட அப்பா வெயில்முத்துவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் எந்த மக வீட்டுல இருக்கிறதுன்னு அன்னைக்குப் பேசி முடிக்கணும். மூத்தவ விஜயராணி கோயம்புத்தூர்ல இருக்கா; அவளும் புருசனோட அன்னைக்குச் சாத்தூர் அப்பா வீட்டுக்கு வர்றா.

"போன வருஷம் அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சப்பவும் அக்கா வீடு. பொங்கலுக்கும் அக்கா வீடு. அம்மாதான் இல்லை, அப்பாவுக்காவது என் கையால ஒரு மாசம் சோறு போட எனக்குக் குடுப்பினை இல்லையா?" பஸ்ஸுன்னும் பாக்காம முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா தங்கமாரி. சீனிராஜ் தன் துண்டை எடுத்து நீட்டினார். அவருக்கு வெயில்முத்து மாமனார் மட்டுமில்லை, சொந்தத் தாய்மாமா. தூக்கி வளர்த்த மனுசன். "ஆத்தா மேல ஆணை, பேசவே மாட்டேன்"னு சொல்லிட்டார்.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு, தட்டு நிறையக் காராச்சேவும் காப்பியும் வந்துச்சு. மூத்த மாப்ளை மோகன்தாஸ், அதாவது நம்ம சீனிராஜோட சகலை, மெதுவா ஆரம்பிச்சார். அவர் புளுகுற ஆளில்லை. எல்லாம் அளந்துதான் பேசுவார்.

"எழுபத்தஞ்சு இஞ்சு டிவி வாங்கியிருக்கோம் மாமா. ரிமோட் வேண்டாம், வாயால சொன்னாப் போதும். கபடி போட்டா ஆளு உயரத்துக்கு நிப்பான். ரெய்டு போறவன் மூச்சு விடுறது சோபாவுக்குப் பின்னாடி கேக்கும். வீடு கூட்டுறதுக்குத் தனியா ஒரு மிஷின் இருக்கு, அதுபாட்டுக்குக் கூட்டிட்டு அதுபாட்டுக்குப் போய்ப் படுத்துக்கும்."

வெயில்முத்துவுக்குக் கபடின்னா உசுரு. காராச்சேவை எடுத்த கை அப்படியே நின்னுபோச்சு. "ஆளு உயரத்துக்கா மாப்ளே?"ன்னார்.

தங்கமாரி முகம் சுருங்கிப்போச்சு. அதைப் பார்த்தார் சீனிராஜ். ஆத்தா மன்னிச்சுக்குவா, பொண்டாட்டி அழுதா யாரு தாங்குறதுன்னு தொண்டையைச் செருமினார்.

"டிவியெல்லாம் பழசு மாமா. எங்க வீட்டுல மூஞ்சியில மாட்டுற பெட்டி இருக்கு."

தங்கமாரி தலையில கை வச்சுக்கிட்டா.

"என்ன பெட்டிடா அது?"

"கண்ணாடி மாதிரி மாட்டிக்கணும் மாமா. மொத நாள் குத்தாலம் போட்டேன். மெயினருவி! தலையைக் குனிஞ்சு நின்னேன் பாருங்க, தொம்முன்னு விழுகுது முதுகுல. பெட்டியைக் கழட்டினா வேட்டி சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. மூணு துண்டு போட்டுத் துவட்டியும் ஈரம் காயலை. கீழ் வீட்டுக்காரர் மேல ஏறி வந்து, 'எங்க சீலிங்ல தண்ணி ஒழுகுது, குழாயை மூடுங்க'ன்னு ஒரே சண்டை."

"சகல, எங்க ஆபீஸ்லயும் அந்த வி.ஆர். பெட்டி இருக்கு. மாட்டிப் பார்த்திருக்கேன். அது வெறும் படம். தண்ணி எப்படி வரும்?" மோகன்தாஸ் பொறுமையாத்தான் கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல ஏசி ஓடுதா, இல்லையா?"

"ஓடுது."

"அந்தக் குளிர்ல அருவி எப்படிண்ணே வரும்? உறைஞ்சு மேலயே நின்னுருக்கும். நீங்க அண்ணாந்து பாக்கலை."

வெயில்முத்து சிரிக்கலை. முப்பது வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவர். டிக்கெட் எடுத்துட்டேன்னு சொல்ற முகம் எது, எடுத்த முகம் எதுன்னு அவருக்குத் தெரியும். "ம், மேல சொல்லு"ன்னார்.

மேல சொல்லுன்னா சீனிராஜுக்குக் கேக்கணுமா?

"மறுநாள் தங்கமாரி மாட்டினா. தூத்துக்குடிக் கடல்! கையை உள்ள விட்டா பாருங்க, என் தொடை தண்டி வஞ்சிரம்! வாலை ஆட்டிக்கிட்டு எங்க வீட்டு ஹால்ல குதிக்குது. நான் ஓடிப்போய் அருவாமனை எடுக்கிறேன்..."

தங்கமாரியால பொறுக்க முடியலை. "மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல மீன் வாங்குவமாப்பா? அன்னைக்கு ரசமும் அப்பளமும்தான்."

எந்தப் புளுகனும் அந்த இடத்துல விழுந்திருப்பான். சீனிராஜ் கண்ணைக்கூடச் சிமிட்டலை.

"அதைத்தான் சொல்ல வந்தேன் மாமா. அருவாமனையைப் பாத்ததும் உங்க மக, 'ஐயையோ, இன்னைக்கு வெள்ளிக்கிழமை'ன்னு கத்தினா. திரும்பப் பெட்டியை மாட்டிக்கிட்டு, அதே கடலுக்குப் போய், அதே இடத்துல மீனை விட்டுட்டு வந்தா. அவ்வளவு பக்தியானவளை எனக்குக் கட்டிக் குடுத்திருக்கீங்க."

விஜயராணிக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்து காப்பி மூக்குல ஏறிருச்சு.

"அந்தப் பக்திதான் மாமா வினையாப் போச்சு. புதுச் சாமான் வந்தா மிக்ஸியானாலும் பைக்கானாலும் சந்தனம் குங்குமம் வைக்காம எடுப்போமா? உங்க மக சாமி கும்பிட்டுட்டு அந்தப் பெட்டியோட நெத்தியில, நட்டநடுவுல, ஒரு ரூபா அகலத்துக்குப் பொட்டு வச்சா. அதுதான் அதோட கண்ணுன்னு யாருக்குத் தெரியும்?"

"கேமராவுலயா வச்ச தங்கமாரி?" மோகன்தாஸ் பதறிட்டார்.

"ஆமா அத்தான். பொட்டு வச்சது மட்டும் நெசம்"னு முனங்கினா அவ.

"நெசம்னு சொல்லிட்டா, கேட்டீங்களா?" சீனிராஜ் எந்திரிச்சே நின்னுட்டார். "பொட்டு வச்ச அடுத்த நிமிஷம் பெட்டிக்குச் சாமி வந்திருச்சு மாமா! மேசை மேல குதியாட்டம் போடுது. வேப்பிலை கேட்டுச்சு, குடுத்தோம். குறி சொல்ல ஆரம்பிச்சிருச்சு. தெருவே எலுமிச்சம்பழத்தோட வரிசையில நிக்குது. காணாமப்போன ஆட்டுக்கு வழி சொல்லுச்சு. மதுரையில இருந்து ரிப்பேருக்கு வந்த பையன், 'ஸ்க்ரூவைக் கழட்டணும்'னான். 'நேத்து லீவுன்னு சொல்லிட்டு எங்கடா போன?'ன்னு கேட்டுச்சு பாருங்க, அப்படியே நெடுஞ்சாண்கிடையா விழுந்தவன், மொட்டை போட்டுட்டுத்தான் மதுரைக்கு பஸ் ஏறினான்."

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" விஜயராணி சொன்னா.

"கடைசியா ஒண்ணு சொல்லுச்சு மதினி. 'சாத்தூர்ல ஒரு பெரியவர் இருக்கார். கண்ணுல கத்தி வைக்கப்போறாங்க. அவர் இந்த வீட்டுல ஒரு மாசம் தங்கினா நூறு வயசு வரைக்கும் ஊசியில நூல் கோப்பார்'னுச்சு. சொல்லிட்டுத்தான் மலையேறிச்சு."

மோகன்தாஸ் கைதட்டினார். "சகல, மாமாவை வரவழைக்க இவ்வளவு தூரமா சுத்தி வரணும்?"

வெயில்முத்து சட்டைப் பையில இருந்து மடிச்ச சீட்டு ஒண்ணை எடுத்து மெதுவா விரிச்சார்.

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசத்துக்கு டிவி, செல்போன், பேப்பர் எதுவும் பாக்கக் கூடாதாம். மாப்ளே, உங்க வீட்டுல ஆளு உயரத்துக்குக் கபடி ஓடுனா நான் எப்படிப் பாக்காம இருப்பேன்? சுவத்தைப் பாத்துக்கிட்டா உக்காருவேன்? கோயம்புத்தூர் ஒத்துவராது." சீட்டை மடிச்சுக்கிட்டே சீனிராஜ் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. அந்தப் பெட்டி இப்ப உன் வீட்டுல இருக்கா, இல்லையா? இருந்துச்சுன்னா அங்கயும் வர மாட்டேன். நானும் ஒரு நாள் எடுத்து மாட்டிக்குவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

சீனிராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருக்குன்னா மாமா வர மாட்டார். இல்லைன்னா, இவ்வளவு நேரம் ஏத்தி வச்ச கோட்டை சகலை முன்னாடி சரிஞ்சுபோகும். அவர் வாழ்க்கையில ஒரு புளுகைக்கூட வாபஸ் வாங்கினதில்லை. தங்கமாரியைப் பார்த்தார். அவ முந்தானை நுனியை மட்டும் விரல்ல சுத்திக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டிருந்தா.

"இல்ல மாமா." தலையைச் சொறிஞ்சார். "தெரிஞ்ச மொபைல் கடைக்காரர்கிட்ட ஒரு நாளைக்கு இரவல் வாங்கினது. இவ பொட்டு வச்சதுல ஒண்ணுமே தெரியலை. துடைச்சுத் திருப்பிக் குடுத்துட்டேன். அருவியும் இல்லை, மீனும் இல்லை. வீட்டுல இருக்கிற டிவிகூட தீபாவளியில இருந்து சத்தம் மட்டும்தான் வருது, படம் வரலை."

வெயில்முத்து அவரை மேலயும் கீழயும் பாத்தார்.

"இன்னைக்கு நீ விட்டதுலயே பெரிய புளுகு இதுதான்டா."

"ஐயோ அப்பா, இதுதான் நெசம்! அந்த டிவி சத்தியமா அப்படித்தான் கிடக்கு!" தங்கமாரி கத்தியே விட்டா.

வெயில்முத்துவுக்கு அப்பத்தான் சிரிப்பு வந்துச்சு. வயிறு குலுங்கச் சிரிச்சார். மோகன்தாஸும் சேந்துக்கிட்டார். சீனிராஜ் மட்டும் திருட்டுமுழி முழிச்சுக்கிட்டு நின்னார்.

"சரித்தா, பையை எடுத்து வை. ஆபரேஷன் முடிஞ்சதும் உன் வீட்டுக்கே வாரேன்"னார் வெயில்முத்து. "கண்ணுக்குத்தான் ஒரு மாசம் வேலை இல்லை, காது சும்மாதானே கிடக்கும்? இவன் பேசிக்கிட்டே இருந்தாப் போதும், எனக்குப் பொழுது போயிரும். கரண்டும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்."

தங்கமாரி ஓடிவந்து அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டா.

"ஆனா ஒண்ணுத்தா," வெயில்முத்து குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தூக்கம் வந்தா இவனை எப்படி நிறுத்துறது? பொத்தான் எங்க இருக்கு?"

"பதினாறு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேம்ப்பா"ன்னா தங்கமாரி.