நெய்க்கு விதித்த தண்டனை

"நெய்யை நாடு கடத்திவிட்டேன், அம்மா. ஓராண்டாக ஒரு சொட்டுகூட நாவில் படவில்லை. அப்படியிருந்தும் என் இதயக் குழாய் மறுபடி ஏன் அடைத்தது?"

கேட்டவர் சாத்தப்பன், ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் முன்னால் அமர்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் பொற்கொடி. சீடரைவிட இருபது வயது இளைய குரு. ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். இப்போது மலையடி ஆசிரமத்தின் தலைவி.

"சிகரெட்?"

"சிகரெட்டில் கொழுப்பு ஏது, அம்மா?"

"சிகரெட்டில் இல்லை. பிடிப்பவரிடம் நிறையவே இருக்கிறது."

சாத்தப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது.

"மூன்றாவது முறை அடைத்தால் பிழைப்பது கடினம் என்கிறார் டாக்டர். எனக்குச் சாக விருப்பமில்லை. உண்மையான குற்றவாளி யாரென்று மட்டும் சொல்லுங்கள்."

"வாருங்கள், விசாரிப்போம்."

சமையலறைக்கும் பந்திக் கூடத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு ஒடுக்கமான நடை. இலை போட்டாயிற்று. எல்லோருக்கும் பசி.

பொற்கொடி புது நல்லெண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து நடையில் ஊற்றினார். போனவர்கள் தாண்டிப் போனார்கள். வந்தவர்கள் தாண்டி வந்தார்கள்.

பிறகு அடுப்போரம் கிடந்த பழைய எண்ணெய்த் தகரடப்பாவைத் திறந்தார்.

"இதுவும் அதே செக்கில் ஆட்டியதுதான். என்ன ஆயிற்று?"

சாத்தப்பன் முகர்ந்து முகம் சுளித்தார். "காறிவிட்டது. அனலிலும் புகையிலும் கிடந்தால் வேறென்ன ஆகும்?"

பொற்கொடி அதிலும் ஒரு கரண்டி ஊற்றினார். நாற்றம் எழுந்தது. உடனே மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

மணி ஒலித்தால் கைவேலையைப் போட்டுவிட்டு அனைவரும் ஓடிவர வேண்டும் என்பது ஆசிரம விதி. அதை எழுதிக் கொடுத்தவரே சாத்தப்பன்தான்.

ஓடிவந்தார்கள். துணியோடு வந்தவர் வழுக்கி உட்கார்ந்தார். சாம்பலோடு வந்தவர் அவர் மடியில் விழுந்தார். தூக்க வந்தவர்கள் இருவர்மேலும் சாய்ந்தார்கள். மணி ஓயவில்லை, ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சாம்பார் அண்டா சமையலறைப் பக்கமே நின்றுவிட்டது.

"அடப்பாவி, என் காலை எடுக்கவிடு."

"அது என் கால், ஐயா."

கூடத்திலிருந்து ஒரு குரல்: "இலை காய்ந்துபோயிற்று, சோறு எங்கே?"

பொற்கொடி கேட்டார்: "வழியை அடைத்தது எண்ணெயா?"

"ஒரு கரண்டி எண்ணெயா அடைக்கும்? இவர்கள்தான்."

"கெட்டவர்களோ?"

"சேச்சே. துடைக்க வந்த நல்லவர்கள்."

"வந்த நல்லவர்கள் ஏன் திரும்பிப் போகவில்லை?"

சாத்தப்பன் தாம் எழுதிய விதியை மனத்துக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"வரவேண்டும் என்று எழுதினேன். எப்போது போகவேண்டும் என்று எழுதவில்லை."

"எழுதியிருந்தாலும், மணி அடித்துக்கொண்டே இருந்தால் எப்படிப் போவார்கள்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன், அம்மா. மணியை நிறுத்துங்கள்."

"உங்கள் இதயக் குழாயிலும் இப்படித்தான், புகையில் காறிய கொழுப்பைத் துடைக்க வந்த வெள்ளணுக்கள் சிக்கிக் கிடக்கின்றன. அங்கே அடிக்கும் மணியை நீங்கள் நிறுத்தினால் இங்கே நானும் நிறுத்துகிறேன்."

"நான் எங்கே மணி…"

சாத்தப்பன் பாதியில் நின்றார். அடுப்பருகே நடந்தார். சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து, இனி யாரும் எடுக்க முடியாதபடி தணலுக்குள் தள்ளினார்.

மணி நின்றது.