வேலையில் இருக்கிறாளா, இல்லையா?

மலையடிவாரத்தில் ஒரு பன்னீர் ஆலை இருந்தது. காற்றெல்லாம் ரோஜா மணக்கும் அந்த ஊரில் ஜனங்கள் பாதிக் கனவில்தான் நடமாடுவார்கள். புது இயந்திரம் வந்ததும் முதலாளி சவுந்தரபாண்டியன், பூ வேகவைக்கும் அன்னக்கொடியையும் அவளோடு வேலை செய்தவர்களையும் நிறுத்திவிட்டார். சம்பளமும் பாக்கி, வேலையை விட்டு நிறுத்தியதற்கான நஷ்டஈடும் பாக்கி. கேட்கப் போனால் வாசலிலேயே விரட்டினார்கள்.

ஒரு வருஷம் கழித்து ஆலையில் ஆண்டு விழா. தொழிலாளர் துறை அதிகாரி மேடையில் இருந்தார். பனியும் பன்னீரும் கலந்து கூட்டத்தின்மேல் தூறிக்கொண்டிருந்தன. அன்னக்கொடி எழுந்து தன் பாக்கியைக் கேட்டாள்.

முதலாளி மைக்கில் குழைந்தார். "நான் யாரையும் நிறுத்துனதே இல்லையே! நிறுத்தாத ஆளுக்கு எதுக்கம்மா நஷ்டஈடு?"

கூட்டம் கைதட்டியது.

"அப்போ நான் இன்னும் வேலையிலதான் இருக்கேனா முதலாளி?"

"அதுல என்ன சந்தேகம்?"

"ரொம்ப சந்தோஷம். அப்போ பழைய பாக்கியோட இந்த ஒரு வருஷச் சம்பளத்தையும் சேர்த்துக் குடுத்துருங்க. நாளைக்கு அடுப்பு மூட்ட வந்துர்றேன்."

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னது? உன்னைத்தான் போன வருஷமே நிறுத்திட்டேனே!" மைக்கில் அவர் கத்தியது மலைவரை போய்த் திரும்பி வந்தது.

"அப்போ சம்பள பாக்கி, நஷ்டஈடு ரெண்டையும் இப்பவே குடுத்துருங்க" என்றார் அதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

முதலாளி எழுதிக் கொடுத்த காசோலையோடு அன்னக்கொடி பனிக்குள் மெல்ல இறங்கிப் போனாள். அவளோடு வேலை இழந்தவர்கள் ஒவ்வொருவராக மேடைப் படி ஏறத் தொடங்கினார்கள்.